மஞ்சள் பையில் முதல் மீன்

"சாவு ஊட்டுக்கு யாராவது மீனு எடுத்துக்கினு போவாங்களாக்கா?"

புதுவாயலில் பஸ் நின்றபோது முன் சீட்டிலிருந்து கேட்டது. பழவேற்காட்டில் ஏறிய இரண்டு மீனவப் பெண்கள். மூத்தவள் மடியில் ஈரம் சொட்டும் மஞ்சள் துணிப்பை. கண்டக்டர் முறைத்தார், நான் மூக்கைப் பொத்தினேன். அவள் அதைக் கீழே வைக்கவில்லை.

"காலேஜு வேலைய உட்டுட்டு வந்து நமக்குன்னு சங்கம் வச்சவருடி. பள்ளிக்கூடம், டாக்டரு, நைலான் வலை, எல்லாம் அவரு அலஞ்சு வாங்கிக் குடுத்தது."

"அதான் ஊரே அழுவுதே."

"புது வலை எறக்கினா மொத மீனு வலை குடுத்தவங்களுக்கு. அவருக்குக் குடுத்தோமா? நெத்தி நெறைய விபூதி, கவிச்சி துன்ன மாட்டாருன்னு நாமளே முடிவு கட்டிக்கினு கோயில்ல வச்சோம்."

"துன்னுவாரா?"

"மீனுன்னா உசுராம். நேத்து ஆஸ்பத்திரியில அவரு சம்சாரம் இந்தப் பையக் கையில குடுத்துட்டு சொன்னாங்க. ஒவ்வொரு வாட்டியும் கரைக்கு இத்தோட வருவாரு இல்ல? காயிதம் வைக்கன்னு நெனச்சோம். மீனுக்காம்டி."

"வாயத் தொறந்து கேட்டுருக்கலாமே."

"கேட்டா வலைக்குக் கூலி கேட்ட மாதிரி ஆயிடும்னு கேக்கலியாம்."

சின்னவள் பையின் வாயை விலக்கி உள்ளே இருந்த மீனைப் பார்த்தாள்.

"சாவு ஊட்ல அடுப்பு எரியாதேக்கா. யாரு ஆக்குவாங்க?"

"யாரும் ஆக்க வேணாம். கால்மாட்டுல வச்சுட்டு வந்துடலாம். இன்னிக்காவது அவரு பை காலியா இருக்க வேணாம்."