சவரிமுத்து அடித்த இருபத்து மூன்றாவது கோட்டிங்

நம்ம பேரை வேணும்னேதான் எழுதாம விடுறாங்க. மறதி இல்லை, வேலை நெருக்கடி இல்லை... வேணும்னே! இந்த ஊர் கான்ட்ராக்டர் நோட்டுல எத்தனை லிட்டர் பிரைமர் வந்துச்சுன்னு இருக்கும். எத்தனை பிரஷ் தேஞ்சுச்சுன்னு இருக்கும். எந்த பெயிண்டர் சாரத்துல ஏறினான்னு இருக்காது. ஏன்? ஏறினவன் விழுந்தா, யாருன்னே தெரியாதுன்னு சொல்லணும்ல... அதுக்குத்தான்.

கோவப்பட்டுட்டு மேடையை விட்டு இறங்கிப் போறதுக்கு நான் வரலை. ஒரு பெட்டியோட கதை இருக்கு. டீ வர்றதுக்குள்ள முடிஞ்சிரும், கேளுங்க.

நம்ம சவரிமுத்து அண்ணன். போன டிசம்பர்ல, கிறிஸ்துமஸ் முடிஞ்ச மூணாம் நாள், கல்யாண மண்டபத்துச் சாரத்துல இருந்து விழுந்து செத்தாரு. கான்ட்ராக்டர் என்ன சொன்னாரு? "அவன் என் சைட்டுக்கே வரலை. எங்கயோ குடிச்சிட்டு விழுந்திருக்கான்." முடிஞ்சுது. வேலையில செத்தவர் குடிச்சு செத்தவர் ஆயிட்டாரு. அவர் பொண்ணு ஜெனிட்டாவைப் பள்ளிக்கூடத்துல எப்படிக் கூப்பிடுறாங்கன்னு நான் சொல்லணுமா?

அந்தப் பொண்ணை நர்சிங் சேர்க்கணும்னு அண்ணன் சம்சாரம் புஷ்பம் அக்கா வீட்டுல இருந்த மரப்பெட்டியை விக்கப் போனாங்க. கல்யாணமான வருஷம், ஒரு வீட்டை இடிச்சப்போ விறகுக்குக் கிடந்த பெட்டி. அண்ணன் சைக்கிள்ல கட்டித் தூக்கிட்டு வந்தது. ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும், எந்த சைட்ல வேலையோ அங்க மிஞ்சின பெயிண்டை மேஸ்திரிகிட்ட கேட்டு வாங்கிட்டு வந்து, அந்தப் பெட்டிக்கு ஒரு கோட்டிங். சிரிக்கிறீங்க... உங்க வீட்டுக் கதவும் அப்படித்தான? எனக்குத் தெரியாதா உங்களை!

பழைய சாமான் வாங்குற சாகுல் பாய் வந்தாரு. பெட்டியைக் கவுத்துப் போட்டாரு. பெயிண்ட் படாத அடிப்பலகையைத் தடவிப் பார்த்தாரு.

"அக்கா, இது பர்மா தேக்கு. ரம்பக் கோடு பாருங்க, நேரா, ஏத்த இறக்கமா இருக்கு. கையால அறுத்தது. மிஷின்னா கோடு வளைஞ்சிருக்கும். ஆணி ஒவ்வொண்ணும் கொல்லன் அடிச்சது. நூறு வருஷம் தாண்டின பெட்டி. பெயிண்டைச் சுரண்டி எடுத்துட்டா நாப்பதாயிரம் தரேன். இப்படியே இருந்தா நாலாயிரம்கூட தேறாது."

"அம்புட்டுப் பெயிண்டா இருக்கு பாய்?"

"பார்த்துருவோம்." சின்னக் கத்தியால ஒரு மூலையில நகம் அளவுக்குச் சுரண்டுறாரு. "அடியில பச்சை..."

"அது டாக்டர் வீட்டு ஜன்னல்."

"மேல நீலம்..."

"பள்ளிக்கூட கேட்டு. அந்த வருஷம் மழை, கொசு ஒட்டியிருக்கும் பாருங்க."

"ஆமாக்கா, இருக்கு! அதுக்கு மேல ரோஸு..."

"அதை மட்டும் பேசாதீங்க. அந்தக் கலரை அடிச்சதுக்கு ஒரு மாசம் அந்த மனுசனோட நான் பேசலை."

பாய் விழுந்து விழுந்து சிரிக்கிறாரு. "மரத்தோட வயசைச் சொல்ல நான் இருக்கேன். உங்க குடும்பத்தோட வயசை அவர் பூசி வச்சிட்டுப் போயிருக்காரே!"

எண்ணிப் பார்த்தா மொத்தம் இருபத்து மூணு. கல்யாணமாகியும் இருபத்து மூணு வருஷம்.

"எல்லாம் சரிக்கா, மேல இருக்குற இது என்ன கலரு? அரக்கும் இல்லை, வெங்காயக் கலரும் இல்லை. முப்பது வருஷமா பெட்டி பாக்குறேன், இதைப் பார்த்ததே இல்லையே."

அக்கா அந்தக் கலரைத் தடவிப் பார்த்தாங்க. அப்புறம் சொன்னாங்க... "மண்டபத்துக் கதவு பாய். மண்டபத்துக்காரர் சம்சாரத்தோட பட்டுப்புடவை கலர் வேணும்னாராம். எந்தக் கடையிலயும் கிடைக்கலைன்னு, இவரே நாலு டப்பாவைக் கலந்து கலந்து கொண்டு வந்தாரு. வேற எங்கயும் கிடையாது."

பாய் கத்தியை மடக்கிட்டாரு. "அப்போ இதைச் சுரண்டக் கூடாதுக்கா. உங்க வீட்டுக்காரர் எங்க வேலை பார்த்தாருங்கிறதை இது ஒண்ணுதான் சொல்லுது."

நாப்பதாயிரம், அண்ணே! கையில வர இருந்த நாப்பதாயிரம். அக்கா ஒரு நிமிஷம்கூட யோசிக்கலை. "பெட்டி இருக்கட்டும் பாய்"னு சொல்லிட்டாங்க. கூட வந்து நின்ன ஜெனிட்டா அழுதுச்சு. படிப்பு போயிருச்சேன்னு அழலை. அப்பா குடிக்கலைன்னு அழுதுச்சு.

நாங்க பெட்டியைத் தூக்கிட்டு கான்ட்ராக்டர் ஆபீசுக்குப் போனோம். கதவுக் கலரையும் பெட்டிக் கலரையும் போட்டோ எடுத்துக் காட்டினோம். அவர் பார்த்தாரு. அசால்ட்டா சொல்றாரு: "பெயிண்டைத் திருடிட்டுப் போயிருப்பான்."

கேட்டீங்களா? சைட்டுக்கே வராதவன் சைட்டுல எப்படிய்யா திருடுவான்? அதை மூஞ்சிக்கு நேரா கேட்டேன். அவருக்கு வேர்த்துச்சு. அப்புறம் சிரிச்சாரு. "தம்பி, பெட்டி வந்து சாட்சி சொல்லுமா? கண்ணால பார்த்தவன் ஒருத்தனைக் கூட்டிட்டு வா."

இந்தக் கதைக்கு அர்த்தம் என்ன? நோட்டுல நம்ம பேர் இல்லை. ஆனா நாம தொட்ட ஒவ்வொரு கதவுலயும் நம்ம கை இருக்கு. வெவரம் தெரிஞ்ச ஒருத்தர் வந்தா அதை வருஷ வாரியா படிச்சுச் சொல்லிடுவாரு. பெயிண்ட் பொய் சொல்லாது. ஆனா பெயிண்ட் எழுந்து போய் ஆபீஸ்ல கையெழுத்துப் போடாது. அதுக்கு மனுசன் வேணும். ஒருத்தர் போதும்.

அன்னைக்கு அந்தச் சாரத்துல அவரோட ஒன்பது பேர் இருந்தீங்க. அதுல ஆறு பேர் இந்தக் கூட்டத்துல இருக்கீங்க. நான் பேர் சொல்ல மாட்டேன். உங்களுக்கும் அடுத்த வேலை வேணும், பிள்ளைங்க இருக்கு... தெரியும். அவர் டிபன் பாக்ஸ்ல கை வச்சுச் சாப்பிட்டவங்க நீங்க. அவர் மேல உங்களுக்குப் பாசம் இல்லைன்னு நான் சொன்னா என் நாக்கு அழுகிடும்.

புஷ்பம் அக்கா அந்தக் கடைசி வரிசையிலதான் உட்கார்ந்திருக்காங்க. நான் பார்த்தேன்னு சொல்றவங்க ஒருத்தர்... ஒரே ஒருத்தர்... கையைத் தூக்குங்க.

தூக்குங்கண்ணே...

...அண்ணே?