பேயா என்று கூப்பிட்டால்

உங்கள் விசாரணை அறையில் சூடு இதமாக இருக்கிறது. எங்கள் சென் ஜேம்ஸ் ரவுண் கட்டடத்தில் ஹீற்றர் பாதி நாள் வேலை செய்யாது. கோப்பிக்கும் நன்றி.

முதலில் ஒரு திருத்தம். உங்கள் மொழிபெயர்ப்பாளர் அந்தச் சொல்லை முட்டாள் என்று சொன்னார். யாழ்ப்பாணத்தில் பேயன் என்றால் அதுதான், எனக்கும் தெரியும். தகப்பன்மார் செல்லமாகவும் சொல்வார்கள். ஆனால் அதற்குள் பேய் இருக்கிறது. செபம் நடக்கிற வீட்டில் அதைச் சொல்லலாமா?

அப்பா நீக்கிலாப்பிள்ளையைத் தொண்ணூற்று நான்கில் நான்தான் ஸ்பொன்சர் செய்து இந்த நாட்டுக்குக் கூப்பிட்டேன். எங்கள் கோயில் பங்கில் செபக்குழுவை நடத்துகிறவன் நான். என் தாழ்மையைப் பற்றி யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். போன மார்கழியில் எங்கள் வீட்டில் கூட்டம். நாவடக்கம் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். அப்பா கதிரையில் இருந்தபடியே, "டேய் பேயா, சனத்துக்குத் தேத்தண்ணி ஆறுது, நிப்பாட்டடா," என்றார். எல்லோரும் சிரித்தார்கள். என் மனைவி யூஜினியும் சிரித்தாள். எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

அவர்கள் போனபின் மரியாதையாகத்தான் சொன்னேன். "அப்பா, இனி அப்பிடிக் கூப்பிட்டா நான் ஏனெண்டு கேக்கமாட்டன்."

"பிறந்த நாள் தொட்டு அப்பிடித்தானேயடா கூப்பிடுறன், பேயா," என்றார்.

சொன்னதைக் காப்பாற்றினேன். சாப்பாடு கேட்டாலும் மருந்து கேட்டாலும், அந்தச் சொல் வந்தால் எனக்குக் காது கேட்காது. "வயசான மனுசன், விடுங்கோவன்," என்று யூஜினி அழுதாள். நான் விடவில்லை. வீடு என்றால் ஒழுங்கு வேண்டும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை யூஜினி வேலைக்குப் போயிருந்தாள். அப்பா சுருட்டுப் பிடிக்க, சாரமும் சுவெற்றருமாகப் பல்கனிக்குப் போனார். பனி கொட்டிக்கொண்டிருந்தது. கதவு பூட்டிக்கொண்டது. கண்ணாடியில் தட்டி, "டேய் பேயா, கதவைத் திற," என்றார். நான் செபமாலையை எடுத்து முழந்தாளில் நின்றேன். தட்டிக்கொண்டே இருந்தார். அந்தச் சொல்லும் வந்துகொண்டே இருந்தது.

பிறகு தட்டுவது மெதுவானது. "சீமோன்," என்றார். "குளிருதடா ராசா."

கேட்டது. என் பெயரைச் சொல்லித்தான் கூப்பிட்டார். அதைத்தானே இத்தனை நாளும் கேட்டேன். ஆனால் செபமாலை பாதியில் இருந்தது. மன்னிப்பு என்றும் அவர் வாயில் வரவில்லை. முழுவதும் சொல்லி, பிரார்த்தனையும் பாடிவிட்டு எழுந்துபோய்த் திறந்தேன். கண்ணாடியோடு சாய்ந்து இருந்தார். உயிர் இல்லை.

பல்கனிக் கதவின் கொளுவி தானாக விழுந்ததா என்று கேட்டீர்கள். இல்லை, நான்தான் போட்டேன். மறைக்க என்ன இருக்கிறது? பொய்யும் நாவின் பாவம்தான்.

வருத்தப்படுகிறான் என்று மட்டும் எழுதாதீர்கள். இதை எழுதுங்கள்: பெற்ற தகப்பனை நான் ஒரு சொல்லாலும் நோகப்பண்ணியதில்லை.