விழித்திருக்க முடியாத பூனைக்காக

நாக்கை நீட்டி முன்காலைச் சுத்தம் செய்துகொண்டிருந்த பூனை, அந்த நாக்கை உள்ளே இழுப்பதற்குள் தூங்கிப்போயிற்று. நான் முதலில் கவனித்தது அதைத்தான்.

இந்த ஆண்டு விழாவுக்குத் தலைமை ஏற்றிருக்கும் எங்கள் மாவு மில் முதலாளி ஐயா அவர்களே, மூட்டை சுமந்து தோள் காய்த்த பெரியவர்களே, சல்லடை பிடித்துச் சிவந்த கைகளோடு வந்திருக்கும் தாய்மார்களே, பேக்கிங் பிரிவின் கடைசி மேசைக்காரியின் வணக்கம்.

"பூனை தூங்குறதெல்லாம் ஒரு செய்தியா?" என்கிறார் பின்வரிசை அண்ணன். நியாயம்தான் அண்ணா. எலி பிடிப்பதால் நாம் சூப்பர்வைசர் என்று அழைக்கும் அந்தப் பூனை எப்போதுதான் தூங்கவில்லை? ஆனால் சென்ற மாதம் மூட்டை சரிந்து அதன் தலையில் விழுந்ததே, அதற்குப் பின் வந்த தூக்கம் வேறு. எலியைக் கண்டு எழுகிறது, இரண்டடி வைக்கிறது, வெயிலில் மாவுத்தூசி இறங்குவதுபோல் மெல்ல மெல்ல இறங்கிப் படுத்துவிடுகிறது.

கால்நடை மருத்துவரம்மாவிடம் காட்டினேன்.

"முழிச்சிருக்கணும்னா மூளை உழைக்கணும் பாப்பா. அடிபட்டதால அதுக்கு இப்ப முடியல. அதான் தூக்கமும் முழிப்பும் துண்டு துண்டா வருது. எலிக்கு அடிபட்டாலும் இப்படித்தான் ஆகும்னு ஆராய்ச்சியில பார்த்திருக்காங்க."

"சரியாயிடுமா?"

"சொல்ல முடியாதும்மா. சத்தமில்லாத இடத்துல விடு. தட்டித் தட்டி எழுப்பாத."

ஐயா, "விழா முடிஞ்சதும் பூனையைச் சந்தையில விட்டுட்டு வந்துடும்மா" என்று காலையில் சொன்னீர்கள். சந்தைத் தெருவில், லாரிக்கு முன்னால் அதற்குத் தூக்கம் வந்தால்?

தூக்கம் சோம்பலா? விழிப்பு சும்மா வருவதா? நாம் கண் திறந்திருக்கும் ஒவ்வொரு கணமும் உள்ளே ஓர் உழைப்பு ஓயாமல் நடக்கிறது. அந்த உழைப்புத்தான் சூப்பர்வைசருக்குள் அடிபட்டுக் கிடக்கிறது. வேலையில் அடிபட்டவரை வீதியில் விடுவோமா? விழுந்து கிடப்பவரை வெளியே தள்ளுவோமா? சாக்கு போடும் பின்னறையைக் கொடுங்கள் ஐயா. இயந்திரச் சத்தம் அங்கே எட்டாது.

"எலியை யாரு பிடிக்கிறது?" என்கிறீர்கள். பொறி வைப்போம் ஐயா. நானே பார்த்துக்கொள்கிறேன்.

"சரி, இருந்துட்டுப் போகட்டும்." ஐயா, மைக் உங்கள் பக்கம்தான் இருந்தது. எல்லோருக்கும் கேட்டுவிட்டது.

கைதட்ட உயர்ந்த கைகளே, பொறுங்கள். மேடைக்குப் பின்னால், கூடையில் சூப்பர்வைசர் தூங்குகிறது. நான் இவ்வளவு மெல்லப் பேசியது பயத்தால் மட்டும் இல்லை. தட்டாத கைகளுக்கு நன்றி. எல்லோருக்கும் வணக்கம்.

மைக்கை அணைத்துவிட்டு, கூடையைத் தூக்கப் போகிறேன்.