இந்தக் கடல் துள்ளுது

ஒரு விளையாட்டுக்காகக் கிழமையிலை நாலுதரம் போன் எடுக்கிறியள் சித்தி, எனக்கும் வேலையிருக்கு. இப்ப சொன்னியே நிசாந், அதை அப்பிடியே திருப்பிச் சொல்லிப் பாத்தன், எவ்வளவு வடிவாயிருக்கெண்டு. கார்ஹிங் யூனிவேர்சிற்றியிலை கம்ப்யூட்டர் படிச்சு, அங்கையே வேலையும் எடுத்த பெறாமகன் சித்திக்குத் தாற மறுமொழி. போனை வைக்காதை. கேள்.

கம்ப்யூட்டரிலை அந்த ராக்கெற் விளையாட்டிலை, ஆள் இருக்கிற கூடு வானத்தாலை ஒழுங்காத்தான் வருது. ராக்கெற் ஏத்த எனக்கு இப்ப ஒருத்தரும் காட்டித்தரத் தேவையில்லை. உலை வைச்சுப்போட்டு வந்து இருந்தனெண்டா, சோறு வேக முதல் பூமியை ரெண்டு சுத்துச் சுத்தி இறக்கிப்போடுவன். பரசூட்டும் விரியுது. தண்ணியிலை முட்டினவுடனைதான் சனியன். றப்பர் பந்து மாதிரித் துள்ளித் திரும்ப மேலை போகுது. இல்லாட்டிச் சீமேந்து நிலத்திலை விழுந்தமாதிரிச் சிதறுது. நேற்று ஒருக்கா துள்ளவுமில்லை, வெடிக்கவுமில்லை. சரி, முடிஞ்சுது எண்டு பாத்தா, தண்ணிக்கு ஒரு முழம் மேலை, அந்தரத்திலை நிண்டு நடுங்குது. அரை மணித்தியாலம் பாத்துக்கொண்டிருந்தன். நடுங்கிக்கொண்டே நிக்குது.

என்ன, வேகம் கூடவோ? விசர்க்கதை கதையாதை. மூண்டு பரசூட் போட்டிருக்கிறன். ஆள் நடக்கிற வேகத்திலைதான் வருது.

அப்டேற்றோ? போன கிழமை நீ சொன்னாயெண்டு அதையும் போட்டன். தண்ணியின்ர நிறம் மட்டும் வடிவாயிருக்கு.

சித்தப்பாவும் இந்தத் துள்ளலைத்தான் சொன்னவர். பென்சன் எடுத்த நாள்தொட்டு இந்த விளையாட்டோடை அந்தக் கதிரையிலைதானே. சுந்தரி, ஒருக்கா இஞ்சை வா, இந்தக் கடல் துள்ளுது பார் எண்டு கூப்பிடுவார். துள்ளினாத் துள்ளட்டும், இஞ்சை கறி அடிப்பிடிக்குது எண்டு சொல்லிப்போடுவன். ஒருநாளும் போய்ப் பாக்கேல்லை. அவர் சொன்னது சரிதான். துள்ளுது.

ஆளில்லாமல் விட்டுப் பாக்கவோ? வெறுங்கூட்டை இறக்கி நான் என்ன செய்ய? உள்ளை ஆள் இருக்கவேணும். விளையாட்டைச் செய்தவன் குடுத்த பேரை அழிச்சுப்போட்டு நான் வேற பேர் எழுதியிருக்கிறன். இங்கிலீசு எழுத்திலைதான். சித்தப்பான்ர பேர் நீளமெல்லே, சோதிலிங்கம் எண்டு முழுக்க எழுத இடம் காணாது, கடைசி எழுத்து ரெண்டும் வெட்டுப்பட்டுப் போச்சு.

தரையிலை இறக்கட்டோ? தரை சுகம்தான், ஒரு ஆட்டமும் இல்லை. தரை வேண்டாம் தம்பி. தரையிலை ஏற்கெனவே வைச்சாச்சு.

அண்டைக்கு அந்தச் செத்தவீட்டு அலுவல் பாக்கிற கந்தோரிலை, மேசையிலை இருந்தவள் நாலு தாளை நீட்டினாள். முழுக்க வாசிக்காமல் பேனையைத் திறக்காதை எண்டு கொன்வென்ற்றிலை சிஸ்டர் அடிமட்டத்தாலை அடிச்சுப் படிப்பிச்சவ. எனக்கெங்கை பொறுமை? வாசிச்சுப்போட்டுத் திரும்ப வாறதெண்டா அடுத்த ரேர்மீனுக்கு நாள் ரெண்டு கிழமையாலைதான் கிடைக்கும் எண்டாள். முடிஞ்சாக் காணுமெண்டு வைச்சிட்டன் கையெழுத்தை. மூண்டாம் தாளிலை இருந்திருக்கு, அவரின்ர சாம்பலை இந்த ஊர்ச் சேமக்காலை மண்ணிலையே புதைக்கிறதுக்குச் சம்மதமெண்டு. பிறகு போய்க் கேட்டா, தாட்டதைக் கிளறித் தர ஏலாதாம். மரியாதையாத்தான் சொன்னவை. கடலிலை கரைச்சுவிடு சுந்தரி எண்டு அந்த மனுசன் எத்தினை தரம் சொன்னவர். கேட்ட காது என்ரதுதான். கையெழுத்து வைச்ச கையும் என்ரதுதான்.

இது சாம்பல் கரைக்கிற கீரிமலைக் கடல் இல்லையெண்டு எனக்குத் தெரியாதே? அதையும் நீ சொல்லித்தர வேணுமே? ஒரு கடல், அவ்வளவுதான்.

அவர் போய் நாளைக்கு முப்பத்தோராம் நாள். ஐயர் பத்து மணிக்கு வாறார். அதுக்கு முதல் ஒருக்கா, ஒரேயொருக்கா, தண்ணி அவரைத் துள்ளவிடாமல் எடுக்கவேணும். படிச்ச பிள்ளை நீ, ஏதாவது செய். அந்தத் தண்ணியைக் கொஞ்சம் மெத்தெண்டு ஆக்கித் தா.