ஊர்வலக் காருக்குப் பெரிய பம்பு

அறுபதுகளில் ஒரு முகூர்த்த மாதம். ஸ்ரீரங்கத்திலிருந்து காந்தி மார்க்கெட் போகும் பஸ்ஸில், என் முன் சீட்டில் ஒரு வாடகைக் கார்க்காரரும் அவருடைய மெக்கானிக்கும்.

"நேத்து மாப்பிள்ளை அழைப்புல, மாப்பிள்ளையே இறங்கிக் காரைத் தள்ளினாருய்யா. மாலையும் கழுத்துமா!"

"பெட்ரோல் இழுக்கிற பம்பைப் பெருசாத்தானே மாத்தினேன், முதலாளி?"

"பம்பை மாத்தினே. அதுக்குக் கரண்டு போற வயரை மாத்தினியா?"

"பழைய வயரே நல்லாத்தான் இருந்துச்சுங்க."

"நூல் மாதிரி வயரு! அதுலயே அலங்கார பல்பையும் மாட்டி வச்சிருக்கே. பல்பு எரிஞ்சா கரண்டு பத்தாம பம்பு இழுக்கல, வண்டி நின்னுடுது. பல்பை அணைச்சா ஓடுது."

"அப்ப அணைச்சிட்டே ஓட்டியிருக்கலாமேங்க?"

"மாப்பிள்ளையை இருட்டுல கூட்டிட்டுப் போறதுக்கு எதுக்குய்யா ஊர்வலம்? நாதஸ்வரக்காரர் வாசிக்கிறதை நிறுத்திட்டுச் சிரிக்கிறார். இன்னிக்குச் சாயங்காலம் இன்னொரு அழைப்பு இருக்கு. மார்க்கெட்ல நல்ல தடி வயரா வாங்கு."

"வாங்கிடலாம் முதலாளி."

பஸ் ஆற்றுப் பாலத்தைத் தாண்டியதும் மெக்கானிக் முதலாளி பக்கம் திரும்பினார்.

"வயருதான் தடியாப் போடுறோமே, இன்னும் ரெண்டு வரிசை பல்பு சேர்த்து மாட்டிடட்டுமா?"

கார்க்காரர் எழுந்துபோய் வேறு சீட்டில் உட்கார்ந்துகொண்டார்.