மருந்தகத்தில் மோதிய நினைவுகளை வென்ற மாமதிக்கு

மறதியென்னும் பழியிலிருந்து மனிதரை மீட்ட மாண்பே! நினைவும் நினைவும் நிகழ்த்தும் போரில் நியாயம் கண்ட நெஞ்சமே! மருத்துவமனையே "மறதி டாக்டர்" என்று கேலி செய்தபோதும் முகம் சுளிக்காத எங்கள் உளவியல் துறைத் தலைவியே! தாங்கள் ஓய்வு பெறும் இந்நாளில் வெற்றிக் களிப்போடு வணங்குகிறோம்.

தங்கள் முப்பதாண்டுப் பணியை முழுதும் பாடினால் தேநீர் ஆறிவிடும் என்று உணவகத்தார் கண்ஜாடை காட்டுகிறார். ஆகவே ஒன்றை மட்டும் சொல்லி நெஞ்சு நிமிர்கிறோம்.

மருந்தகத்தைப் புதுப்பித்து அலமாரிகளை இடம் மாற்றிய காலம். கண்ணை மூடிக்கொண்டு மருந்தெடுக்கும் மூத்த மருந்தாளுநரின் கை, ஓயாமல் பழைய இடத்துக்கே போயிற்று. புதிதாகச் சேர்ந்தவர்கள் தவறவில்லை, அவர்தான் தவறினார். சரிபார்ப்பவர் பிடித்ததால் நோயாளிகள் தப்பினர். மறதி நோயென்று முடிவு கட்டி அவரை வீட்டுக்கு அனுப்பக் கண்காணிப்பாளர் பேனாவைத் திறந்துவிட்டார். இடிந்துபோன மனிதர் மனைவியிடம்கூடச் சொல்லவில்லை.

அதற்காகக் கூடிய கூட்டத்தில் தாங்கள் எழுந்து கண்காணிப்பாளரிடம் சொன்னீர்கள்: "இவருக்கு ஞாபகம் குறையலைங்க, கூடிப்போச்சு. பழைய அடுக்கு புது அடுக்கை வழிமறிச்சுக்கிட்டு நிக்குது. நீங்களும் மாடிக்கு மாறி மாசமாச்சு. இன்னும் கீழ் ரூம் கதவைத்தானே தள்ளுறீங்க?"

கண்காணிப்பாளரின் அந்தப் பழைய அறையில் இப்போது துடைப்பங்கள் குடியிருப்பதால், சிரிப்பு அடங்கச் சற்று நேரமாயிற்று.

சிரிப்போடு விட்டீர்களா? சோதனையும் வைத்தீர்கள். ஒரு சொல்லுக்கு ஒரு ஜோடிச் சொல்லை மனப்பாடம் செய்தபோது மருந்தாளுநரே முந்தினார். அதே சொல்லுக்கு வேறொரு ஜோடி தந்ததும் கண்காணிப்பாளர் உட்பட எல்லோரும் பழைய ஜோடியையே உளறினோம். பிறகு அலமாரிகளுக்குப் புது வண்ணம் பூசி, மருந்தாளுநர் நிற்கும் திசையையும் மாற்றி, பழைய நினைவு தலையிட இடமில்லாமல் செய்தீர்கள். சில வாரங்களில் அவர் கை தவறுவது நின்றது. பேனா மூடப்பட்டது. அன்று காப்பாற்றியது ஒருவர் வேலையை மட்டுமா, அம்மா? எங்கள் எல்லோர் மானத்தையும்தான்!

நாளை தங்கள் நாற்காலிக்கு வேறொருவர் வருவார். அவரையும் தங்கள் பெயர் சொல்லியே அழைக்கப்போகிறோம். புதியவர் பொறுத்தருள்க, எங்களுக்கு மறதியில்லை, இந்த அம்மா வழிவிட மறுக்கிறார்.

நோயின்றி, நூறு கடந்து, நினைத்ததெல்லாம் நிறைவேற நெடிது வாழ்க!

தங்கள் அன்பில் மகிழும்
மருத்துவமனைப் பணியாளர்கள்

முதல் கையெழுத்து: கண்காணிப்பாளர்
வாசித்தளித்தவர்: இன்றும் பணியிலிருக்கும் மூத்த மருந்தாளுநர், மனைவியுடன்