ஐந்து நிமிடக் கருவியை நம்பாத எங்கள் எப்படியக்கா

மேடையில் அமர்ந்திருக்கும் மருத்துவமனைக் கண்காணிப்பாளர் அவர்களே, நுரையீரல் பிரிவின் தலைமை மருத்துவர் அவர்களே, முன்வரிசையில் கலங்கிப்போய் உட்கார்ந்திருக்கும் அக்காவின் கணவரே, மகளே, வார்டில் மாற்றாள் நிறுத்திவிட்டு ஓடிவந்திருக்கும் செவிலியர்களே, எல்லாருக்கும் மேலாக, ஒரு கையில் நெபுலைசர் பையும் மறுகையில் பிள்ளையுமாக வந்திருக்கும் பெற்றோர்களே! இந்த இரங்கல் கூட்டத்துக்கு வந்திருக்கும் எல்லாருக்கும் என் வணக்கம்.

உங்களில் பலருக்கு என் முகத்தைவிட என் அறையைத்தான் தெரியும். கீழ்த்தளத்தில், லிஃப்ட்டுக்குப் பின்னால், எந்நேரமும் ரப்பர் குழாய் வாசனை அடிக்கும் கருவி அறையின் டெக்னீஷியன் நான். பத்தொன்பது ஆண்டுகள் அக்காவோடு வேலை பார்த்தேன். அதில் பாதி நாட்கள் அவரோடு சண்டை போட்டேன்.

எனக்கு முன்னால் மூன்று பேர் பேசினார்கள். அக்கா அன்பே உருவானவர் என்றார்கள். யாரையும் கடிந்து ஒரு சொல் சொல்லாதவர் என்றார்கள். கேட்டுக்கொண்டே இருந்த எனக்கு, நாம் எல்லாரும் ஒரே ஆளைப் பற்றித்தான் பேசுகிறோமா என்று சந்தேகம் வந்துவிட்டது! அக்கா மட்டும் இங்கே இருந்திருந்தால் பின்வரிசையிலிருந்து கையைத் தூக்கியிருப்பார். "உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டிருப்பார்.

ஆம், அதுதான் அவருடைய கேள்வி. அதனால்தான் பிள்ளைகள் அவருக்கு ‘எப்படியக்கா’ என்று பெயர் வைத்தார்கள். மூத்த சுவாசப் பயிற்சியாளர் என்று கதவில் பலகை தொங்கியது. அந்தப் பலகையை யாராவது படித்ததுண்டா? எப்படியக்கா ரூம் எங்கே என்றுதான் எல்லாரும் கேட்டார்கள்.

வாசலில் ஒரு பெரிய மலர்வளையம் நிற்கிறது, பார்த்திருப்பீர்கள். அதில் அனுப்பியவர் பெயர் இல்லை. கொண்டுவந்தவரிடம் கேட்டேன், சொல்லக் கூடாதாம். பெயர் போடாமல் பூ அனுப்புகிறவர் யார்? ஏன் போடவில்லை? பத்தொன்பது வருடப் பழக்கத்தில் அக்காவின் வியாதி எனக்கும் தொற்றிவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்ற நோயைப் பற்றி இங்கே வந்திருக்கும் பெற்றோர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். பிறவியிலேயே வருவது. நுரையீரலில் சளி பசைபோல இறுகிக்கொள்ளும். அதில் கிருமி குடியேறும். அதைத் தளர்த்த உப்புநீர், கிருமியை அடக்க ஆன்டிபயாட்டிக், இரண்டையும் நெபுலைசர் புகையாக்கித் தரும், பிள்ளை மூச்சோடு இழுக்க வேண்டும். பழைய நெபுலைசர் செங்கல் கனம். ஓடும்போது பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டுவார். ஒரு தடவைக்கு இருபது நிமிடம். ஒரு நாளைக்கு நான்கு தடவை. சனி, ஞாயிறு, பிறந்தநாள், பரீட்சை நாள் என்று எதற்கும் விடுமுறை கிடையாது.

இப்படிப்பட்ட வீடுகளுக்குத்தான் ஐந்து ஆண்டுகளுக்கு முன்னால் புதிய கருவி வந்தது. உள்ளங்கைக்குள் அடங்கும். சத்தமே இல்லை. உள்ளே தலைமுடியைவிட நுண்ணிய ஓட்டைகள் கொண்ட ஒரு சல்லடைத் தகடு. அது அதிர்ந்து மருந்தைப் பனிபோல ஆக்கும். ஐந்தே நிமிடம்! கம்பெனிப் பிரதிநிதி மாடிக் கூட்ட அறையில் செய்து காட்டியபோது நாங்கள் எல்லாரும் கைதட்டினோம். அக்கா தட்டவில்லை.

"அஞ்சு நிமிஷத்துல மருந்து காலியாகுது, சரி. எங்க போச்சு?"

"நுரையீரலுக்குத்தான் மேடம். பழசைவிட அதிகமாவே போகுது."

"அதிகமான்னா எவ்வளவு அதிகம்? அப்ப மருந்தோட அளவைக் குறைக்கணுமா?"

"அதெல்லாம் வேணாம் மேடம். ஆய்வு இருக்கு."

"எத்தனை பேர வெச்சு? எத்தனை நாள்?"

பிரதிநிதி தாளைப் புரட்டினார். பன்னிரண்டு பேர். எல்லாரும் பெரியவர்கள். ஒரே ஒரு நாள். நடத்தியது யார் என்று அக்கா கேட்டபோது அவர் தண்ணீர் குடித்தார்.

அன்றைக்கு நான் சிரித்தேன். "அக்கா, நல்லது வந்தா வாங்கிக்கணும், அதுக்கு ஜாதகமா பாப்பாங்க?" என்று கேலி செய்தேன். "நீ சிரி தம்பி. மூச்சு இழுக்கப்போறது நீ இல்லையே" என்றார்.

முப்பது குடும்பங்களுக்குப் புதிய கருவி கொடுக்கப்பட்டது. எப்படிக் கழுவ வேண்டும் என்று நான்தான் ஒவ்வொருவருக்கும் செய்து காட்டினேன். அக்கா முப்பது பேர் விவரத்தையும் ஒரு நீல நோட்டில் எழுதத் தொடங்கினார். மூன்று மாதம் எல்லாரும் குஷியாக இருந்தார்கள். நான்காவது மாதம் தையல்காரர் ஒருவர் தன் பதினொரு வயது மகளோடு வந்தார்.

"காதுக்குள்ள யாரோ விடாம விசில் அடிக்கிறாங்க அக்கா" என்றாள் அந்தப் பெண்.

பள்ளிக்கூடம் போகாமல் இருக்கச் சாக்கு என்றார் ஒருவர். காதில் அழுக்கு என்றார் இன்னொருவர். அக்கா அவளைத் தன் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார். "எந்த மருந்து போட்ட பிறகு விசில் வருது? எந்தக் காது? மெஷின் மாத்தறதுக்கு முன்னாடி வந்திருக்கா?" அவள் ஒவ்வொன்றுக்கும் யோசித்துப் பதில் சொன்னாள். அன்று மாலையே அக்காவின் வற்புறுத்தலில் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். ஆன்டிபயாட்டிக் ரத்தத்தில் இருக்க வேண்டியதைவிட மிகக் கூடுதலாக இருந்தது. அந்த மருந்து அளவு மீறினால் காதைப் பதம் பார்க்கக்கூடியது. பழைய கருவியில் பாதி வீணாகும் என்று கணக்குப் போட்டு எழுதிய அதே அளவை, வீணாக்காத கருவியில் ஊற்றிக்கொண்டிருந்தோம்!

தலைமை மருத்துவர் அவர்களே, அன்றே அளவை மாற்றி எழுதியவர் நீங்கள்தான். அதை நன்றியோடு சொல்கிறேன். விசில் ஆறு வாரத்தில் நின்றது. ஆனால் வலது காதில் மெல்லிய உயர்ந்த சத்தங்கள் அவளுக்கு இன்றும் கேட்பதில்லை. அவள் இதோ மூன்றாவது வரிசையில், இடது காதை என் பக்கம் திருப்பி உட்கார்ந்திருக்கிறாள்.

அத்தோடு அக்கா விட்டாரா? ஒரு பிள்ளைக்கு மருந்து அதிகம் போனது சரி, வேறு சில பிள்ளைகளின் நுரையீரல் வலுவைக் காட்டும் ஊதும் பரிசோதனை எண்கள் ஏன் இறங்குகின்றன என்று கேட்டார். முப்பது கருவிகளையும் கொண்டுவரச் சொன்னார். மருந்தகத்தின் நுண்தராசைக் கேட்டு வாங்கி என் மேசையில் வைத்தார். ஒவ்வொரு கருவியிலும் உப்புநீர் ஊற்றி, எடை போட்டு, ஓடவிட்டு, ஸ்டாப்வாட்ச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். அந்த ஐந்து நிமிடக் கருவிகளில் பதினொரு கருவிகள் பதினைந்து நிமிடமும் பதினெட்டு நிமிடமுமாக ஓடின. சல்லடை அடைத்துப்போயிருந்தது. அந்த வீடுகளில், நேரமாகிறதே என்று மருந்து மிச்சம் இருக்கும்போதே நிறுத்திவிட்டு, போட்டாயிற்று என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

"இதை எப்படிக் கழுவச் சொன்ன தம்பி?"

"குழாய்த் தண்ணியில அலசி, துணியால துடைச்சு வெக்கச் சொன்னேன்."

"உனக்கு எப்படித் தெரியும்?"

பெட்டியில் மேலாக இருந்த ஒற்றைத் தாளில் படம் போட்டிருந்தது, அதைப் பார்த்துச் சொன்னேன். அக்கா அடியில் கிடந்த தடித்த கையேட்டை எடுத்து இருபத்து மூன்றாம் பக்கத்தை விரித்தார். ஒவ்வொரு முறையும் சோப்பு வெந்நீர். தினமும் கொதிக்க வைத்தல். துணி படவே கூடாது, காற்றில் உலர வேண்டும். நான் அந்தக் கையேட்டைப் பிரித்ததே இல்லை.

பெற்றோர்களே! அந்தப் பதினொரு பிள்ளைகளில் நான்கு பேர் அந்த ஆண்டு வார்டில் படுத்தார்கள். உங்களில் சிலர், நாம்தான் சரியாகப் பார்த்துக்கொள்ளவில்லையோ என்று அழுததை நான் பார்த்திருக்கிறேன். பார்த்துக்கொண்டு சும்மா இருந்திருக்கிறேன். தவறு உங்களுடையது இல்லை. கற்றுக்கொடுத்த என்னுடையது. இதை அன்றே சொல்லியிருக்க வேண்டும். ஒரு மைக்கும் ஒரு மரணமும் தேவைப்பட்டது எனக்கு.

இவ்வளவும் கேட்டுவிட்டு, புதிய கருவி கெட்டது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். அக்காவும் ஒரு கட்டத்தில் அப்படித்தான் முடிவு கட்டினார். தபால் அலுவலகத்தில் வேலை பார்க்கும் ஒரு இளைஞர், இருபத்து மூன்று வயது. அவரைப் பழைய கருவிக்கே திரும்பச் சொன்னார் அக்கா. நான்கே மாதத்தில் அவர் ஆக்ஸிஜனோடு வார்டுக்கு வந்தார். அக்கா கட்டிலருகே நின்று கேள்விமேல் கேள்வி கேட்டார். கருவி சரியாக ஓடியதா, அளவு சரியா, கழுவினாயா?

அவர் மூச்சு வாங்க வாங்கச் சொன்னார். "மெஷின் நல்லாத்தான் இருக்குக்கா. நான்தான் போடல. காலைல ஆறு மணிக்கு ஷிப்ட். இருபது நிமிஷம், நாலு தடவை... எங்க உக்காந்து போடறது? புதுசு இருந்தப்ப பஸ் ஸ்டாப்ல நின்னுட்டே போட்டேன்."

அக்கா அன்று என் அறைக்கு வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார். அப்புறம் சொன்னார்: "எல்லாத்தையும் சந்தேகப்பட்டேன் தம்பி. என் சந்தேகத்தை மட்டும் விட்டுட்டேன்." மறுநாள் வார்டுக்குப் போய் அந்த இளைஞரிடம் மன்னிப்புக் கேட்டு, புதிய கருவியை அவர் கையில் கொடுத்தார். எத்தனை பேர் செய்வார்கள் இதை? இந்த மேடையில் எத்தனை பேர் செய்திருக்கிறோம்?

அதற்குப் பிறகுதான் நாம் இன்று கடைப்பிடிக்கும் முறை வந்தது. கருவி மாறினால் ரத்தப் பரிசோதனை. வாரம் ஒரு முறை வீட்டிலேயே நேரம் பார்த்தல்; எட்டு நிமிடத்தைத் தாண்டினால் கருவி அறைக்கு வர வேண்டும். கழுவும் முறையைப் பெற்றோரே எங்கள் எதிரில் செய்து காட்ட வேண்டும். ஓராண்டு முடிவில், புதிய கருவியை ஒழுங்காகக் கவனித்தவர்கள் பழையதில் இருந்தவர்களைவிட மோசமாகவில்லை. மருந்தைத் தவறவிடுவது குறைந்தது. "முப்பது பேர்தான். ஒரு வருஷம்தான். இதை வெச்சு யாரும் ஊதிப் பெருசாக்கக் கூடாது" என்று அதையும் அக்கா எழுதி வைத்தார். பதினான்கு பக்க அறிக்கை.

அதில் ஒன்பதாம் பக்கம், பதினொரு கருவிகள் அடைத்துப்போன கதை. அந்த ஒரு பக்கத்தை எடுத்துவிடலாமே என்று கம்பெனி பணிவாகக் கடிதம் எழுதியது. கொஞ்ச நாள் பொறுக்கலாமே என்று கண்காணிப்பாளர் அவர்கள் சொன்னார். கோபித்துக்கொள்ளாதீர்கள் ஐயா, மூன்றாவதாக ஒருவன் அக்காவின் அறைக்குப் போய், கதவைச் சாத்திக்கொண்டு, "அந்தப் பக்கம் மட்டும் வேணாம்க்கா" என்று கெஞ்சினான். அது நான்.

"உன் பேரை எழுதல தம்பி. ஆனா நடந்தது இருக்கும்" என்றார். அவ்வளவுதான். அறிக்கை மேசைக்கு மேசை நகர்ந்து, இரண்டு ஆண்டுகள் தூங்கியது.

போன மாதம் அக்காவுக்கு நிமோனியா. தன் சொந்த வார்டிலேயே படுத்தார். நெபுலைசரை நான் எடுத்துப் போனேன். முகமூடியை வாங்காமல் கேட்டார்: "யாரு கழுவினது?"

"நான்தான்க்கா."

"எப்படி?"

வெந்நீர், சோப்பு, கொதிநீர், உலர்த்தல் என்று மாணவன்போல ஒப்பித்தேன். அக்கா என்னையே பார்த்தார். "மறுபடி கழுவு. நான் பாக்கணும்." கட்டிலுக்கு எதிரே இருந்த தொட்டியில் அவர் பார்க்கப் பார்க்கக் கழுவினேன். கெட்டிலில் தண்ணீர் கொதிக்க வைத்தேன். உலர அரைமணி நேரம் இருவரும் காத்திருந்தோம். அதன் பிறகுதான் முகமூடியைப் போட்டுக்கொண்டார். நான்காம் நாள் அவர் மூச்சு நின்றது.

அக்காவின் கணவரே, மகளே! சமாதானம் சொல்ல எனக்குத் தெரியாது. நடந்ததைச் சொல்லத்தான் தெரியும். இன்று காலை கண்காணிப்பாளர் அவர்கள் என்னைக் கூப்பிட்டு, அறிக்கையை மருத்துவக் கருவி வாரியத்துக்கு அனுப்பியாயிற்று என்றார். நான் ரசீதைக் கேட்டேன். அவர் முகம் சிவந்தது, ஆனால் காட்டினார். நகலையும் கேட்டு வாங்கி அங்கேயே நின்று பக்கங்களை எண்ணினேன். பதினான்கு. ஒன்பதாம் பக்கம் இருந்தது. ஐயா, உங்களுக்கு என் நன்றி.

தோழர்களே! திங்கட்கிழமை இன்னும் புதிய கருவி ஒன்று வருகிறது. அது செல்போனோடு பேசுமாம். பிள்ளை மருந்து போட்டதா என்று அதுவே எழுதிக்கொள்ளுமாம். யாருக்காக எழுதிக்கொள்ளும்? அடைத்துப்போனால் அதையும் எழுதுமா? எனக்குத் தெரியாது. தெரியும் என்று இந்தத் தடவை சொல்லமாட்டேன். எப்படியக்காவின் நீல நோட்டு இனி என் மேசையில் இருக்கும். அடுத்த பக்கத்தை நான் எழுதுவேன். கையேட்டை முதல் பக்கம் முதல் கடைசி வரை படித்த பிறகே கருவியைத் தொடுவேன். இது அக்காவுக்கு நான் கொடுக்கும் வாக்கு.

பெற்றோர்களே, திங்கட்கிழமை காலை எட்டரை மணிக்கு உங்கள் கருவிகளோடு கீழ்த்தளத்துக்கு வாருங்கள். நான் கூப்பிட்டேன் என்று நம்பி வராதீர்கள். நான் அளக்கும்போது பக்கத்தில் நின்று, தராசைப் பார்ப்பதற்காக வாருங்கள்.